புழுவுக்கு விட்ட ஐந்து வரிசை

மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்டு, மணியை மட்டும் தன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பாசனச் சங்கத் தலைவர் அவர்களே! எங்கள் பயிரைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்ட வேளாண் அதிகாரி அவர்களே! வாய்க்கால் வறண்ட காலத்திலும் வாய்ச்சொல் வறளாத சங்கத்தின் பெரியவர்களே! விடிந்ததிலிருந்து வெயிலில் நின்று, விரல் கீறக் களை எடுத்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டி, அத்தனைக்கும் பிறகு இந்த அரங்கில் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காராமல், "இந்தம்மா என்னத்த பேசிடப் போகுது" என்று கடைசிச் சுவரில் சாய்ந்து கைகட்டி நிற்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! உங்கள் எல்லாருக்கும், மண் ஒட்டிய என் இரு கைகளும் குவிந்த வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "மரபணு மாற்றுப் பயிர்: ஓர் உழவரின் பார்வை." தலைப்பு பெரியது, என் வயல் சின்னது. ஆதரித்துப் பேசுவாள் என்று இடது பக்கம் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. எதிர்த்துப் பேசுவாள் என்று வலது பக்கம் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் கைதட்டலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் விதையைப் போற்றவும் வரவில்லை, தூற்றவும் வரவில்லை. நான் பேச வந்திருப்பது என் நாத்தனாருக்காக.

ஏன் சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள், சிரியுங்கள்! சிரிக்க வேண்டிய சேதிதான். என் வீட்டுக்காரரின் அக்காவுக்கும் எனக்கும் இருக்கிற பாசம் இங்கே யாருக்குத்தான் தெரியாது? ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நான் கிழக்கே பார்த்துக் களை எடுத்தால் அவர் மேற்கே பார்த்து எடுப்பார். என் மாடு அவர் வரப்பில் வாய் வைத்ததற்கு, மாட்டை விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தவர் அவர். அந்தச் சண்டையில் நானும் சும்மா இருக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை, வட்டியோடு கொடுத்தேன். அப்படிப்பட்டவருக்காக நான் வாய் திறக்கிறேன் என்றால், விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒரு தீர்மானம் வாக்குக்கு வரப்போகிறது. என் நாத்தனார் தன் வயலைச் சுற்றி ஐந்து வரிசை சாதாரணப் பருத்தி போட்டிருக்கிறார். அதில் புழு இருக்கிறது. அந்த வரிசைகளை அவர் பிடுங்கி எறிய வேண்டும். மறுத்தால் அவர் வயலுக்குப் போகும் மடையைச் சங்கம் அடைத்துவிடும். இதுதான் தீர்மானம். பருத்தி இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. இந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பூ உதிரும், பிஞ்சு வெம்பும், பிழைப்பு போகும். கணவரை இழந்த பிறகு, அந்த ஒரு வயலைத் தவிர அவருக்கு வேறு நாதி இல்லை.

தலைவர் என்னைப் பார்க்கிறார். "தலைப்புக்கு வாம்மா" என்கிறது அந்தப் பார்வை. வந்துவிட்டேன் ஐயா, தலைப்புக்குள்தான் நிற்கிறேன்.

முதலில் வலது பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாற்று விதை வருவதற்கு முன்னால் நாம் எப்படி இருந்தோம்? மறந்துவிட்டீர்களா? விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்து, அதை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தோமே, அது மறந்துவிட்டதா? வாரம் தவறாமல் அடித்தோம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது நம் முகத்தில்தான் அடித்தது. என் வீட்டுக்காரர் மருந்தடித்துவிட்டு வந்தால் வீட்டுக்குள் வர மாட்டார். பின்பக்கக் குழாயடியில் சட்டையைக் கழற்றி நனைத்துப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண் இரண்டும் சிவந்திருக்கும். தட்டை எடுத்து வைத்தால் வாந்தி எடுப்பார்.

"என்னங்க ஆச்சு?" என்பேன்.

"ஒண்ணுமில்ல, வெயிலு" என்பார்.

மழை பெய்த நாளிலும் அதே பதில்தான்! ஆம்பளைகள் பொய் சொல்வதற்குக்கூடச் சோம்பேறித்தனம் பார்ப்பார்கள், வேறு ஒரு காரணம் யோசிக்க மாட்டார்கள். அதோ, தாய்மார்கள் தலையாட்டுகிறார்கள். எல்லா வீட்டிலும் இதே வெயில்தான் அடித்திருக்கிறது போலிருக்கிறது.

பிறகு இந்த விதை வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் குணத்தை எடுத்துப் பருத்திக்குள் வைத்திருக்கிறார்கள். செடியைக் கடிக்கும் காய்ப்புழு, கடித்த இடத்திலேயே சாகும். நாம் தெளிக்க வேண்டியதில்லை, செடியே பார்த்துக்கொள்ளும். மருந்து டேங்க் கொட்டகை ஆணியில் தொங்கியது, அதில் சிலந்தி குடியேறியது. என் வீட்டுக்காரர் வயலிலிருந்து நேராக வீட்டுக்குள் வந்தார், உட்கார்ந்து சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் போடு என்றார். இதை நான் மறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிப் போகும். அந்த விதை என் வீட்டில் ஒரு மனிதரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

இப்போது இடது பக்கம் கைதட்டுகிறது. நிறுத்துங்கள், உங்களிடமும் வருகிறேன்! பருவத்துக்குப் பருவம் விதைக்கடை வாசலில் போய் நிற்கிறோமே, அது யார் கொடுத்த வரம்? விளைவிப்பவன் கையில் விதை இல்லை, விலை சொல்லும் வாயும் அவனுக்கு இல்லை. அதைப் பற்றி எனக்கு இருக்கும் ஆத்திரத்தைக் கொட்ட வேண்டுமென்றால் இந்த மணி போதாது, இந்த மாலையும் போதாது. ஆனால் இன்றைக்கு அதையும் ஓரமாக வைக்கிறேன். இன்றைக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்த விதைக்கு இருக்கும் பலம் எங்கே இருக்கிறது?

விதைக்குள் என்பீர்கள். அப்படித்தான் நானும் நினைத்தேன். அதிகாரி அவர்கள் அப்படி நினைக்கவில்லை. விதை வந்த புதிதில் பள்ளிக்கூட அறையில் நம்மையெல்லாம் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? டீயும் பிஸ்கட்டும் ஞாபகம் இருக்கும், பாடம் ஞாபகம் இருக்காது. ஒரு சின்னப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். "விதைப் பையோட இது ஒண்ணு வரும். இதுல இருக்கறது சாதாரணப் பருத்தி. இதை வயலச் சுத்தி அஞ்சு வரிசை போடுங்க. மருந்தடிக்காதீங்க. புழு அதைத் தின்னட்டும்" என்றார்.

புழு தின்னட்டும் என்றதும் அறையே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார், "சார், சும்மா தின்னா போதுமா, இல்ல வெத்தலத் தட்டுல பத்திரிகை வச்சு விருந்துக்கு அழைக்கணுமா?" அந்த ஒருவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரே இப்போது தலையைக் குனிந்துகொண்டுவிட்டார், பாவம்!

அந்தப் பொட்டலத்தை நாம் என்ன செய்தோம்? பிரிக்காமலே குப்பையில் போட்டவர்கள் உண்டு. முளைக்காத குழிகளில் அதை ஊன்றி இடம் நிரப்பியவர்கள் உண்டு. பரணில் போட்டு எலிக்குப் படியளந்தவர்கள் உண்டு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. புழு தின்பதற்காகவே பயிர் வைப்பது என்பது உழவன் கைக்கு வராத வேலை. ஐந்து வரிசை நிலத்தை மனசாரப் புழுவுக்கு எழுதிக் கொடுக்க எந்தக் கை நீளும்? ஆகவே, பக்கத்து வயல்காரர் போட்டிருப்பார் என்று நாம் நம்பினோம். பக்கத்து வயல்காரர் அவருக்குப் பக்கத்து வயல்காரரை நம்பினார். இப்படியே ஒருவர் முதுகில் ஒருவர் பாரத்தை ஏற்றி, வாய்க்காலின் தலையிலிருந்து கடைசி வரைக்கும் போனால், போட்டது ஒரே ஒரு ஆள்.

என் நாத்தனார். எதற்காகப் போட்டார்? அறிவியல் தெரிந்தா? அஞ்சு வரிசை, மருந்தடிக்காதீங்க என்றது வரைக்கும் கேட்டுவிட்டு, விளக்கத்தின்போது அவர் தூங்கிவிட்டார், நானே பார்த்தேன். நான் அவரைக் கிண்டலாகக் கேட்டேன், "ஏங்க்கா, எல்லாரும் தூக்கிப் போட்டத நீங்க மட்டும் எதுக்குப் போடறீங்க?"

"பைக்குக் காசு குடுத்தாச்சுல்ல? பைக்குள்ள வந்தது மட்டும் சும்மாவா வந்துச்சு? அதுவும் நம்ம காசுதான். காசு குடுத்து வாங்கின விதைய முளைக்க வைக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது, தாயே" என்றார்.

அவ்வளவுதான். கருமித்தனம்! தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்து வைத்து இரண்டு நாள் ஓட்டுகிற அதே கருமித்தனம். அதைச் சொல்லி நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! ஊரும் சிரித்தது. புழுவுக்குச் சத்திரம் கட்டிய மகராசி என்று அவருக்குச் சத்திரத்தம்மா என்றே பெயர் வைத்தது. ஒவ்வொரு பருவமும் அவருடைய ஓர வரிசைகளில் காய் ஓட்டையாகத் தொங்கும், நம் வயலில் பஞ்சு வெள்ளையாக வெடித்து நிற்கும். நாம் மூட்டை கட்டும்போது அவர் மூட்டை மட்டும் இளைத்துப் போயிருக்கும்.

இந்தப் பருவத்தில்தான் சிரிப்பு நின்றது. வாய்க்காலின் கடைசி வயல், நம் டிராக்டர்க்காரர் அண்ணனுடையது. அவர் அங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அண்ணே, உங்களைக் குறை சொல்ல நான் மேடை ஏறவில்லை, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். சாகவேண்டிய புழு, அவர் வயலில் சாகவில்லை. மாற்று விதைப் பருத்தியின் காயைப் பிளந்தால் பஞ்சு இல்லை, கொழுத்த புழு இருந்தது. அவர் வீட்டம்மா வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அந்த அழுகைக்கு ஒரு காரணம் வேண்டாமா? சுற்றுமுற்றும் பார்த்தால், புழு வளர்க்கும் வயல் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் படுகிறது. அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அரிவாளோடு போயிருப்பேன். அவர் சங்கத்துக்கு வந்தார், அது அவர் பெருந்தன்மை.

அதிகாரி சொன்னார், சண்டை வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம் என்று. எங்கே வைத்துச் சோதிப்பது? இரண்டு பேரில் யார் வீட்டில் வைத்தாலும் மற்றவர் நம்ப மாட்டார். "அவங்க சண்டைக்காரி வீட்டுல வைங்க, அவ ஏமாத்த மாட்டா" என்று டிராக்டர்க்காரர் அண்ணனே என் வீட்டைக் காட்டினார். என் கோபத்துக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

என் அடுப்படி மேடையில் இரண்டு கண்ணாடி ஜாடி. இரண்டிலும் மாற்று விதைச் செடியின் இளங்காய், என் வயலிலிருந்து பறித்தது. ஒரு ஜாடியில் என் நாத்தனாரின் ஓர வரிசையிலிருந்து வந்த குட்டிப் புழுக்கள். மற்றதில் டிராக்டர்க்காரர் அண்ணன் தன் கையாலேயே கொண்டுவந்த குட்டிப் புழுக்கள். ஜாடி வாயில் துணி கட்டி, அதிகாரி கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க என் அடுப்படி சந்தைக்கடை ஆனது. காலையில் பால் காய்ச்சப் போனால், எனக்கு முன்னால் என் நாத்தனார் ஜாடிக்குள் உற்றுப் பார்த்தபடி நிற்பார். அவர் நகர்ந்தால் டிராக்டர்க்காரர் அண்ணன் வந்து நிற்பார். இரண்டு பேருக்கும் டீ போட்டே என் டீத்தூள் டப்பா காலியானது. அதையும் இந்தச் சபையில் பதிவு செய்துகொள்கிறேன்.

ஒரு காலையில் என் நாத்தனார் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. என் புழுவெல்லாம் சுருண்டு கெடக்குது. தூங்குதா, செத்துப் போச்சா?"

போய்ப் பார்த்தேன். செத்துப் போயிருந்தன. பக்கத்து ஜாடியில், அண்ணன் கொண்டுவந்த புழுக்கள் காயைக் குடைந்துகொண்டிருந்தன. அண்ணனும் வந்து சேர்ந்தார், மூன்று பேரும் அந்த மேடை முன்னால் நின்றோம். பிறகு டிராக்டர்க்காரர் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார், "அப்ப இது வேற சாதிப் புழு."

இல்லை அண்ணே. அதே புழுதான். நாமெல்லாரும் சேர்ந்து வளர்த்த புழு.

அதிகாரி விளக்கினார். நான் அதை நம் பாஷையில் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான புழுவில் எங்கோ ஒன்று இந்த விஷத்துக்கும் சாகாத முரடனாகப் பிறக்கும். அது தப்பிப் பிழைத்து, அந்துப்பூச்சியாகிப் பறக்கும். பறந்தால் என்ன தேடும்? வயசுக்கு வந்த பிள்ளை எதைத் தேடுமோ, அதைத்தான் தேடும். பெண் தேடும்! சுற்றிலும் எல்லா வயலிலும் சாதுப் புழுக்கள் செத்துக் கிடக்கின்றன. மிஞ்சியிருப்பது இன்னொரு முரட்டுக் குடும்பம்தான். முரடனும் முரடியும் சம்பந்தம் பண்ணிக்கொண்டால் பிறக்கும் பிள்ளைகள் எப்படி இருக்கும்? அத்தனையும் அடங்காப்பிடாரிகள்! அதுவே, சாதாரணப் பருத்தியில் நிம்மதியாகத் தின்று வளர்ந்த சாதுவான பெண்கள் ஊருக்குள் நிறைய இருந்தால்? முரடன் அந்த வீட்டில் பெண் எடுப்பான். பிள்ளைகள் அம்மாவைக் கொண்டு பிறக்கும். மாற்று விதைச் செடியைக் கடித்ததும் சாகும்.

பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. என்ன தம்பி? உரக்கச் சொல்லுங்கள். "பூச்சிக்கு றெக்கை இருக்கே, சத்திரத்தம்மா வயல்லேர்ந்து பறந்து நம்ம வயலுக்கு வராதா?" என்கிறார். வரும் தம்பி! வரவேண்டும் தம்பி! அது பறந்து வருவதற்காகத்தான் அந்த ஐந்து வரிசையே! அது பறந்து வந்து, உங்கள் வயல் முரடனுக்கு வாழ்க்கைப்பட வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு மனுஷி தன் காயைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்!

கைதட்டாதீர்கள். இந்த இடத்தில் நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், அது உங்கள் கைதட்டலைக் குறைக்கும். நம் வயல்களை இதுவரை காப்பாற்றியது என் நாத்தனாரின் ஐந்து வரிசைதானா? தெரியாது. அதிகாரியிடமே கேட்டேன். "ஒரே ஒரு வயலோட ஓரம் இத்தனை வயலுக்குப் போதும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. போதாதுன்னுதான் நான் நினைக்கிறேன்" என்றார். என் நாத்தனாருக்கு ஒரு கிரீடம் வைத்துவிட்டு இறங்கினால் எனக்கும் வேலை சுலபம். ஆனால் அது பொய். அவர் ஒருவரால் இந்த ஊரைக் காப்பாற்ற முடியாது. கடைசி வயலில் இந்த விதை தோற்றுவிட்டது. நாளை அடுத்த வயலில் தோற்கும். ஆணியில் தொங்கும் அந்த டேங்கை மறுபடியும் எடுத்து முதுகில் கட்டிக்கொள்ளும் நாள் வந்துகொண்டிருக்கிறது. அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் மறுபடியும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

இந்த விதையின் பலம் எங்கே இருக்கிறது என்று கேட்டேனே, பெருமக்களே! அது விதைக்குள் இல்லை. கம்பெனியின் பையில் இல்லை. கடைக்காரரின் அலமாரியில் இல்லை. அது புழுவின் பலவீனத்தில் இருக்கிறது! புழு சாகும்வரைதான் விதைக்குப் பலம். புழு சாகாது என்றால் அது வெறும் பருத்தி, விலை மட்டும் அதிகம். அந்தப் பலவீனம் யாருடையது? நான் காசு கொடுத்து வாங்கினேனா? நீங்கள் வாங்கினீர்களா? கம்பெனி அதற்கு ரசீது போட்டதா? இல்லை! வாய்க்கால் எப்படிப் பொதுவோ, அதைப்போல அதுவும் பொது. வாய்க்காலில் ஒருவர் கூடுதலாக இறைத்தால் அடுத்த நிமிஷம் சண்டைக்கு வருகிறோம். இதை எல்லாரும் சேர்ந்து இறைத்தோம், ஒரு சொட்டும் திருப்பி விடவில்லை. திருப்பி விட்ட ஒரே ஒருவருக்கு, இன்றைக்கு நாம் தண்ணீரை நிறுத்தப் போகிறோம்!

விதையை மாற்றினார்கள், நாமும் மாறினோமா? விஞ்ஞானம் வயலுக்குள் வந்தது, விவேகம் வரப்பு தாண்டி வந்ததா? பலனை எடுக்கும்போது பத்துப் பேரும் முன்னால் நின்றோம், பங்கைக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டைக் காட்டினோம். இது பழைய விதையாக இருந்தாலும் புது விதையாக இருந்தாலும், மனிதர்களாகிய நாம் செய்யும் ஒரே தவறு.

இன்று காலையில் என் நாத்தனார் வீட்டு வாசலில் அரிவாள் தீட்டும் சத்தம் கேட்டது. வரப்பு தாண்டிப் போனேன். நான் அவர் வாசலுக்குப் போய் வருஷக்கணக்காகிறது.

"என்னக்கா பண்றீங்க?"

"என்ன பண்றது? கூட்டம் முடிஞ்சதும் நானே வெட்டிப் போட்டுடறேன். அஞ்சு வரிசைக்காக மொத்த வயலும் காய முடியுமா? ஊரோட ஒத்துப் போயிடறேன்."

"உங்க புழு செத்துதே, எல்லாரும் பாத்தாங்களே!"

"பாத்தாங்க. அதுக்கப்புறமும் தீர்மானம் அப்படியேதான இருக்கு? ஒத்தையாளா நின்னு எத்தினி நாளைக்குச் சண்டை போடறது? எனக்கு அலுத்துப் போச்சும்மா."

என்னோடு சண்டை போட்டு ஒரு நாளும் அலுத்துப் போகாத மனுஷி, அலுத்துப் போச்சு என்று சொன்னார். அந்த வாயை அடக்க வேண்டும் என்று நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். அடங்கியபோது அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் என்னைப் பேசச் சொல்லவில்லை. அங்கே கடைசி வரிசையில், இவளுக்கு எதுக்கு இந்த வேலை என்று என்னை முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். முறையுங்கள் அக்கா, பரவாயில்லை.

தலைவர் அவர்கள் மணியைத் தொட்டுவிட்டார், ஆகவே சுருக்குகிறேன். அடுத்த பருவம், என் வயலைச் சுற்றி ஐந்து வரிசை புழுவுக்கு விடுகிறேன். என் வீட்டுக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை. அதோ திகைத்துப்போய்ப் பார்க்கிறாரே, அவர்தான். இப்போது கேட்டுக்கொண்டாயிற்று. இந்தப் பருவத்து வரிசையைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றால், அதை என் நாத்தனார் கையால் பிடுங்க விட மாட்டேன். பிடுங்கச் சொல்லிக் கை தூக்குகிறவர்கள் நாளைக் காலையில் வாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் நிற்போம். எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் கையால் பிடுங்குங்கள்.

யார் எழுந்திருப்பது? டிராக்டர்க்காரர் அண்ணன். சொல்லுங்கள் அண்ணே. மைக் வேண்டாமா? சரி, அவர் சொல்வதை நான் உரக்கச் சொல்கிறேன். "நான் இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா அடுத்தவங்க செடியப் பிடுங்க நான் வரமாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். புழு தின்னுட்டுப் போற நஷ்டத்த யாரு தாங்கறது?"

நல்ல கேள்வி அண்ணே. இத்தனை நாள் தனியாகத் தாங்கியவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இனிமேல் எல்லாரும் தாங்குவோம். ஒவ்வொரு வயலின் ஓரமும் கொஞ்சம் தின்னப்பட்டால், எந்த வயலும் சத்திரமாகாது. இதை மாற்றுத் தீர்மானமாகச் சங்கத்தின் முன் வைக்கிறேன். அதிகாரி அவர்கள் கணக்குப் போட்டுத் தரட்டும். ஒத்துக்கொள்ளாதவர்களை யாரும் ஒதுக்க வேண்டாம், அடுத்த கூட்டத்தில் மறுபடியும் சண்டை போடுவோம். இப்போது வாக்கெடுப்பை...

அக்கா! எங்கே எழுந்து போகிறீர்கள்? வாக்கெடுப்பு இன்னும் முடியவில்லையே!

கேட்டீர்களா, அவர் சொல்வது? "இன்னிக்கு எனக்குத் தண்ணி முறை. பேசிக்கிட்டே இருந்தா பொழுது போயிடும். நான் போய்ப் பாய்ச்சறேன், அஞ்சு வரிசைக்கும் சேத்து" என்கிறார்.

தலைவர் அவர்களே, மணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்த மடையை அடைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், இப்போதே எழுந்து அவரைத் தடுக்கலாம். அவர் வாசலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டு பக்கமும் நாற்காலி நெருக்கமாக இருக்கிறது, அவரால் வேகமாக நடக்கவும் முடியாது.

எழுந்திருக்கிறார்கள். ஒருவர், இருவர், அந்தப் பக்கம் முழு வரிசை. நாற்காலியை இழுத்து ஓரம் வைக்கிறார்கள். கடைசிச் சுவரில் சாய்ந்திருந்த தம்பிகள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐயா, இத்தனை பேர் எழுந்தது வழி மறிக்க இல்லை, வழி விட! எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் இந்தச் சங்கத்தின் வாக்கு!

எழுந்து நிற்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும், பொறுமையாய்க் கேட்ட பெரியவர்களுக்கும், என் தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன். நானும் போக வேண்டும். மடைப் பலகை கனம், அவர் ஒருவரால் தூக்க முடியாது.